இடது கால், இரண்டு கோணம்

குளச்சலில், வலைக்கயிறு விற்கும் கடைக்கு மேல்மாடி.
லிஃப்ட் கிடையாது.
நெஞ்சுப்படம், பல்படம், முறிவு, சுளுக்கு
எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

மத்தியானம் ஏழு பேர் ஏறிவந்தார்கள்.
நோயாளி ஒருவன்.
மரிய கிளாட்வின், இருபத்திரண்டு, கொட்டில்பாடு.
மற்ற ஆறு பேரும் அதே வள்ளத்துக்காரர்கள்.
படிக்கட்டு முழுக்கச் சாளை மணம்.

"வள்ளம் தள்ளும்போ தட்டினதாக்கும் அக்கா.
கருங்கல்ல ஒரு ஆசான் எண்ணெய் போட்டு
மூணு கட்டு கட்டினாரு.
வீக்கம் மட்டும் வடியல்ல."

கட்டை அவிழ்த்தேன்.
முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம்,
தோலுக்குள் ஒரு கோழிமுட்டை. தொட்டால் சூடு.
'இடது' என்று காட்டும் ஈய எழுத்தை ஓரத்தில் வைத்து
மூச்சை அடக்கச் சொன்னேன்.
காலுக்கு அது தேவையில்லை, பழக்கதோஷம்.
அவன் அடக்கினான்.
கதவுக்கு வெளியே ஆறு பேரும் அடக்கின மாதிரி இருந்தது.

முன்னிருந்து ஒன்று. பக்கவாட்டில் ஒன்று.
மெலிந்த எலும்புக்கு ஓரம் இல்லை.
கடல் முள்ளெலி ஒட்டிக்கொண்டதுபோல்
முள் முள்ளாக வெளியே எழுந்திருந்தது.
முறிவு கூடும்போது எலும்பு இப்படி எழுதாது.
எனக்குத் தெரியும்.
சொல்ல அதிகாரமில்லை.
எடுப்பவள் நான்; வாசிப்பவர் நாகர்கோவிலில்,
ஆறு மணிக்குமேல் ஃபோனில் பார்ப்பார்.

அவன் பெயரையும் வயதையும் தட்டும்போது
வேறொரு கால் ஞாபகம் வந்தது.

கனடாவில்,
மூக்கில் கொம்பும் கழுத்தில் கேடயமுமாக
ஒரு தழைதின்னி டைனோசர்.
ஏழரைக் கோடி வருஷத்துக்கு முந்தின இதே எலும்பு.
தோண்டினவர்கள் பார்த்துவிட்டு
'முறிந்து கூடியது' என்று வைத்துக்கொண்டார்கள்.
அவர்களும் ஒருவகையில் நம்ம ஆசான்தான்.
பல வருஷம் கழித்து யாரோ ஸ்கேனில் ஏற்றி,
இழை இழையாய்ச் சீவி,
ஓர் இளைஞனின் எலும்பைப் பக்கத்தில் வைத்தபோது
இரண்டும் ஒரே கையெழுத்து.
புற்று.

வேளிமலையைக் குடைந்தாலும்
இப்படி ஒரு எலும்பு கிடைக்காது.
நம்ம பாறை அதைவிட மூத்தது,
எலும்பென்று ஒன்று உண்டாவதற்கு முன்பே
இறுகிப்போனது. நோவு தெரியாத கல்.
மருந்துவாழ்மலையும் அப்படித்தான்,
பெயர்தான் மருந்து.

இன்னொன்றும் படித்திருந்தேன்.
அதைத்தான் விட முடியவில்லை.
அந்த மிருகம் புற்றால் சாகவில்லையாம்.
கால் அரித்துப்போய், ஓட மாட்டாமல்,
ஊன்தின்னிகள் மோப்பம் பிடிக்கிற ஊரில்
வெகுநாள் இருந்திருக்கிறது.
கூட்டத்துக்கு நடுவில் நடந்திருக்கும் என்கிறார்கள்.
கடைசியில் வெள்ளம் வந்தது.
நொண்டினதும் நொண்டாததும் ஒன்றாய்ப் போயின.
வெள்ளம் பற்றிக் கொட்டில்பாட்டுக்காரர்களுக்கு
நான் சொல்ல வேண்டியதில்லை.

"எலும்பு ஒடிஞ்சிட்டுண்டா அக்கா?"
"ஒடியல்ல" என்றேன். பொய்யில்லை.
"மீதி டாக்டர் சொல்லுவாரு.
ஆனா நாளைக்கே ஆசாரிபள்ளம் போகணும், கேட்டியா?
இனி எண்ணெயும் வேண்டாம், கட்டும் வேண்டாம்."
என் குரலில் என்ன கேட்டதோ,
ஆறு பேரில் மூத்தவர், சில்வதாசன்,
சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தையே
கொஞ்சநேரம் படித்தார்.
"செரி. நாளைக்கு வள்ளம் இறக்கல்ல."

முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர்.
அவன் ஒரு படி இறங்கி நின்றால்
ஏழு பேரும் நின்றார்கள்.
கீழே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.

மேசைக்கடியில் ஒரு நீலச் செருப்பு கிடந்தது.
இடது.
எடுத்துக்கொடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்:
விரல் பக்கம் ஓட்டை விழத் தேய்ந்திருந்தது.
குதிகால் பக்கம், கடையில் வாங்கின மேனிக்கு
வரிவரியாக அப்படியே.