கடைசிப் படகு எட்டேகால்

எங்கள் ஊர் சிப்பித்திட்டு.
திட்டு என்றால் தண்ணீர் நடுவே மேடு.
பள்ளிக்கூடத்தில் சொன்னால் சிரிப்பார்கள்:
"யாரைத் திட்டு?"

எண்ணூர்க் கழிமுகத்தில், சென்னை முடிகிற இடத்தில்
நாற்பத்தொரு வீடு, இரண்டு கைக்குழாய்.
ஒன்றில் உப்புத்தண்ணீர்,
மற்றதில் அதைவிட உப்பு.
மாநகராட்சி வரைபடத்தில்
மடிப்பு விழுகிற இடம் நாங்கள்.

கடலோரத் திருவிழாவுக்கு
குப்பத்துக்கு ஒரு தூதர் வேண்டுமாம்.
பெண்ணாக, இருபத்தைந்துக்குள்,
தெளிவாகப் பேசத் தெரிந்தவளாக.
ஊர்க் கூட்டத்தில் மூன்று பெயர் வந்தது.
சுகந்தி கல்யாணமாகி மணலிக்குப் போய்விட்டாள்.
நிஷாந்தினிக்கு ஸ்ரீபெரும்புதூரில் இரவு ஷிப்ட்.
"அப்ப யோகப்பிரியா" என்றார் தலைவர்.

எனக்கு வருத்தமில்லை.
மருந்துக்கடையில் தினமும் நான் செய்வதுதான்:
"அது ஸ்டாக் இல்லண்ணா, இத எடுத்துக்கங்க.
கம்பெனி வேற, மருந்து ஒண்ணுதான்."

அம்மா இரவல் வாங்கினாள் ஒரு மயில்கழுத்துப் புடவை.
கொடுத்தவள் வைத்த நிபந்தனை:
இறால் வாடை படக்கூடாது.
படகில் நின்றுகொண்டே வந்தேன்.
அனல் நிலையத்துச் சுடுநீர் ஆற்றில் கலக்குமிடத்தில்
ஏகவல்லி அக்காவும் நாலைந்து பேரும்
மார்பளவு நீரில் கைகளால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள்,
பறியைப் பல்லால் கவ்வியபடி.
அதனால் யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.
புருவத்தை மட்டும் உயர்த்தினார்கள்.

தீவுத்திடல்.
பேரில்தான் தீவு.
பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன், கால் நனையவில்லை.
மேடைக்குப் பின்னால் பச்சை நாடா மாட்டிவிட்டார்கள்,
தங்க எழுத்தில்: சிப்பித்தட்டு.

"திட்டு சார்."
"என்னம்மா?"
"தட்டு இல்ல. திட்டு."
"யாரும் கவனிக்க மாட்டாங்க, விடும்மா."

ஒரு மேல்விலங்கு கழன்றதில்
ஊர் பாத்திரமாகிவிட்டது.

பேச வேண்டியதை அட்டையில் எழுதித் தந்தார்கள்:
"நீலக் கடலும் வெள்ளி மணலும் கொஞ்சும் எங்கள் தீவு…"
எங்கள் மணல் சாம்பல் நிறம்.
காற்று திசைமாறினால்
கொடியில் காயும் பாவாடைகளும் அதே நிறம்.
படித்துவிடலாம், ஒரு நிமிடம்தான்,
மாற்று மருந்தை நீட்டிப் பழகிய கைதான்.
ஆனால் இது அந்த மருந்து இல்லையே.

பதினேழு குப்பங்களில் பதினாறாவது நான்.
மணி ஆறு ஐம்பது.
"சொல்லுங்க, உங்க தீவுல என்ன ஸ்பெஷல்?"
தொகுப்பாளர் கையில் மைக்,
என் கையில் வியர்த்த அட்டை.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
"கடைசிப் படகு எட்டேகாலுக்கு சார்.
நான் இப்பக் கிளம்பணும்."

கூட்டம் சிரித்தது. கைதட்டல்.
முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்.
நான் உண்மையாகவே கிளம்பிவிட்டது
எப்போது தெரிந்ததோ அவர்களுக்கு.

சென்ட்ரலுக்கு ஓட்டம். கும்மிடிப்பூண்டி வண்டி.
பெண்கள் பெட்டியில் கருவேப்பிலைக்காரி
நாடாவைத் தொட்டுப் பார்த்தாள், "எந்தக் கட்சி?"

துறைக்கு வந்தபோது எட்டு இருபத்தெட்டு.
படகு கட்டியே இருந்தது.
மாசிலாமணி அண்ணன் துடுப்பைத் தட்டித் திட்டினார்.
பால் கெட்டுப்போகும் என்று ஒருத்தி திட்டினாள்.
பிள்ளை தூங்கிவிடும் என்று ஒருத்தி.
யாரோ டார்ச் அடித்து என் மார்பில் எழுத்துக் கூட்டினார்கள்,
"சிப்பித்… தட்டா?"
படகே ஆடியது சிரிப்பில்.

எண்ணூரில் இறால் விற்றுத் திரும்பும் ஏகவல்லி அக்கா
காலிப் பறியை மடியில் வைத்திருந்தாள்.
இப்போது வாய் ஓய்வாக இருந்தது.
"மேடையில என்ன கேட்டாங்க?"
"ஊர்ல என்ன ஸ்பெஷல்னு."
"நீ என்ன சொன்ன?"
"கடைசிப் படகு எட்டேகாலுக்குன்னு."

கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம் மட்டும்.
தூரத்தில் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு
அணைந்து எரிந்தது.

"தப்பாச் சொல்லிட்டியேடி," என்றாள்,
என் முந்தானையைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடியில் போட்டபடி,
"எட்டு இருபத்தெட்டு."