பதினான்காம் அத்தியாயம்

வால்திவியாவில் ஜூன் மாதம் மழைக்கு விடுப்பு கிடையாது.
நூலகத்தில் ஜாவா புத்தகம் ஒன்றே ஒன்று,
எட்டு குழுக்கள்,
ஆளுக்கு இரண்டு மணி நேரம்.
எங்கள் முறை வந்தபோது
பதினான்காம் அத்தியாயத்தைக் காணோம்.
யாரோ பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தார்கள்.
செய்தியோடையை வாசிப்பது எப்படி என்று
சொல்லும் அத்தியாயம் அதுதான்.

அறுபட்ட தாளின் அடிக்கட்டையை ஒட்டி
அடுத்த பக்க விளிம்பில் பென்சில் எழுத்து:
‘திறந்த ஓடையை மூடு.
நான் மூடவில்லை.
இதே பாடத்தை இரண்டாம் முறை எழுதுகிறேன்.’
பெயர் இல்லை.
அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில்
நாற்பது நிமிடம் தாமதம்.
அபராதத்தை நிபால்தோ கட்டினான், சில்லறையாக.

அயேலென் எழுதிய நிரல்
கால் மணிக்கொரு தரம் போய்க் கேட்கும்:
புதிதாக ஏதாவது?
மாற்றமில்லை என்பார் சர்வர்.
கோபம் வராது அதற்கு, மறுபடி போகும்.
மீன் சந்தைப் படிக்கட்டில் கடற்சிங்கங்களும்
குடலுக்கும் தலைக்கும் இப்படித்தான்
மூக்கை நீட்டிக்கொண்டு.
அவை எந்தப் புத்தகம் படித்தன?

வியாழன் இரவு எல்லாம் நின்றது.
நாற்பத்தொரு வரிப் பிழைச்செய்தி.
மேலிருந்து படித்தால் முன்பின் தெரியாத சந்துகள்.
‘கீழிருந்து வா’ என்றாள் அயேலென்.
கீழே இருந்தது விலாசம்:
ஒன்பதாம் வரி, இருபத்து மூன்றாம் எழுத்து.
படகுத்துறையின் அறிவிப்பு.
நியெப்லா & கொரால்.
நடுவில் அந்தக் குறி சட்டை போடாமல் நின்றது.
அதற்கென்று ஓர் ஐந்தெழுத்து உண்டு,
சொல்லாவிட்டால் வாசல் திறக்காது.

காலையில் படகுத்துறைக்குப் போன் செய்தோம்.
எடுத்தவர் எதெல்மிரா.
தினமும் ஆறு மணிக்கு ஜன்னல் வழியே கடலைப் பார்த்துவிட்டு
ஓடையைக் கையாலேயே தட்டச்சு செய்பவர்.
‘அதை யாராவது படிக்கிறார்களா?’ என்றார்.
பின்னால் ஒரு படகு ஊதி ஓயும்வரை
யாரும் பேசவில்லை.
குறியை மாற்ற மாட்டாராம்.
படகின் விலாவில் அப்படித்தான் பெயின்ட் அடித்திருக்கிறதாம்.

சரி, நாங்கள் மாறினோம்.
வாசலுக்கு வரும் முன்பே
அதற்கொரு சட்டை மாட்டிவிட மூன்று வரி.
ஓடையை மூடினோமா என்று
மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்தோம்.

‘பிழையான ஓடையை நிராகரிக்க வேண்டும்,
அதுதான் விதி. இந்த மூன்று வரி எதற்கு?’
என்றார் பேராசிரியர்.
‘படகில் அப்படித்தான் எழுதியிருக்கிறது’
என்றான் நிபால்தோ.
ஏழுக்கு ஐந்து புள்ளி இரண்டு.

அன்று மாலை திரையில் ஒரு வரி வந்து விழுந்தது:
வடக்குக் காற்று. கடைசிப் படகு இல்லை.
அந்தப் படகில்தான் அயேலென் வீட்டுக்குப் போக வேண்டும்.
‘வேலை செய்கிறது’ என்று
ஈரக் காலணியைக் கழற்றினாள்.

புத்தகத்தை மறுபடி இரவல் வாங்கினேன்.
பென்சில் எழுத்துக்குக் கீழே
படகுத்துறையின் எண்ணை எழுதினேன்.
ஆறு மணிக்கு மேல் அழைக்கவும்.