நூற்றைந்தாம் நம்பர் ஜெட்

மேட்டுப்பாளையத்தில் சுத்தமாய்த்தான் மூச்சுவிட்டது.
பர்லியார் தாண்டிக் குன்னூர் வந்தால்
காற்று அரைவயிறு,
பெட்ரோல் மட்டும் முழுச்சாப்பாடு.

புகைக்குழாயில் குச்சியைச் செருகிய ரெஜினா
திரையைத் திருப்பினாள்:
நாலரை. மூன்றுக்குள் வேணும்.

ஜிப்ஸிக்குள் இருப்பது வேறொரு காரின் எஞ்சின்;
ஆர்.சி. புத்தகம் அறியாது.
பெட்ஃபோர்டு சரிவில் டயருக்குக் கல் வைத்து
கார்புரேட்டரைத் திறந்தேன்.
நூற்றுப்பதினைந்து ஜெட் போய் நூற்றைந்து.
திருகை உள்ளே கால் சுற்று.
இல்லை, அரைக்கால்.
ஐட்லிங் தடுமாறி
நிற்கப்போய், பிடித்துக்கொண்டது.

இரண்டு புள்ளி எட்டு.

தாள் வெளியே வருமுன் பானெட்டுக்குள் குனிந்தாள்.
“எஸ்டீம் எஞ்சினா?”
என் ஐட்லிங் நின்றுபோனது.

“இறங்கும்போது பழைய ஜெட்டை மாட்டிடுங்க.
கீழே காத்து ஜாஸ்தி, சூடேறிடும்.
எங்க வண்டியிலும் அதான்.”

கிராம்பளவு பித்தளை
சட்டைப்பையில், பெட்ரோல் ஈரத்தோடு.