பதிவேட்டில் ஒரு வரி

பட்டா எங்கள் பேரில்தான் இருந்தது.
பதினோரு ஏக்கர், பள்ளத்தூருக்குக் கிழக்கே,
தைலமரக் காடு முடிந்து
செம்பொறை தலைகாட்டுகிற மேடு.
பத்தொன்பது வருஷம் குத்தகைக்காரர் கையில்
பருத்தி, தர்பூசணி, மறுபடி பருத்தி.
ஆடு ஓட்டிப்போனால் வேலியில் நின்று கத்துவார்:
"உள்ளே விடாதே, நேத்துதான் மருந்து அடிச்சது."
மருந்து.
அந்தச் சொல்லை யார் வைத்தார்களோ.

அவர் போனபின்
நாங்கள் முதலில் அறுத்தது புட்டிகளை.
கிணற்றுக்குள், வரப்புக்கடியில்,
மோட்டார் கொட்டகைக் கூரையில்
நூற்று நாற்பத்து மூன்று.
சிவப்பு முக்கோணம், மஞ்சள் முக்கோணம்.
மூடிகளை மணிபோல் கோர்க்கப் பார்த்தாள் என் சின்னவள்;
பிடுங்கினேன், அழுதாள்.
எரிக்காதே என்றார் மதுரையிலிருந்து வந்த ஆய்வாளர்.
புதைக்காதே என்றார்.
பிறகு?
பேனாவை மூடிக்கொண்டார்.
இன்றும் சிமெண்டுச் சாக்கில் கிடக்கின்றன.
எங்கள் குடியிருப்பில் பூட்டுப் போட்ட பொருள்
அது ஒன்றுதான்.

மூன்று வருஷம். மாறுதல் காலமாம்.
அதுவரை விளைவதை இயற்கை என்று சொல்லி விற்கக் கூடாது.
சணப்பு விதைத்து, பூக்கும்போதே மடக்கி உழுதோம்.
மஞ்சள் பூவோடு அது புரள்வதைப் பார்த்து
மஸ்தான் கேட்டான்:
"திங்கவும் இல்லை விக்கவும் இல்லை,
இது என்ன வெள்ளாமை?"
மாசியில் இளையான்குடிப் பக்கத்துக் கிடை வந்தது.
முந்நூறு உருப்படி, ஏழு ராத்திரி.
குடற்புழுவுக்கு என்ன கொடுத்தீர்கள், எப்போது, எத்தனை மில்லி
என்று கீதாரியைக் கேட்டேன்.
"பொண்ணு பார்க்க வந்தவுகளே இம்புட்டுக் கேக்கலை" என்றார்.
பதிலை எழுதிக்கொண்டேன்.
பதிவேடு என் பொறுப்பு.
எங்களைப் பற்றி இதுவரை இருந்ததெல்லாம்
போலீஸ் ஸ்டேஷன் பதிவேடு.
நாங்களே எழுதுவது இதுதான் முதல்.

இரண்டாம் வருஷம் கறையான் வந்தது.
யாராவது கறையானைக் கொண்டாடுவார்களா,
நாங்கள் கொண்டாடினோம்.
அதற்கு முன் தட்டை மக்காமல் கிடக்கும்,
மண்ணுக்கு வாயே இல்லாததுபோல்.

மூன்றாம் ஆடி.
மேற்கு வரப்புக்கு அப்பால்
சொர்ணலிங்கத்தின் கத்திரித் தோட்டம்.
முதுகில் பேட்டரி பம்பு, முகத்தில் துண்டு,
டாங்குக்கு எழுபது ரூபாய்.
வெள்ளை மூட்டம் வரப்பேறி
எங்கள் கேழ்வரகின்மேல் மெல்ல இறங்கியது.
கத்தப் போனேன்.
துண்டுக்கு மேலே தெரிந்த கண்
கிட்டுவின் கண்.
என் நாத்தனார் புருஷன்.
இதே பதினோரு ஏக்கரில் பங்குக்காரன்.

"சணப்பைக் காட்டி ஸ்கூல் வேனுக்குப் பணம் கட்ட முடியுமா, தங்கச்சி?"
என்றான். பம்பை நிறுத்தவில்லை;
பிறகு நிறுத்தினான்.

ஆய்வாளர் வர இன்னும் ஒன்பது நாள்.
ஒரு மழை போதும், இலை மறந்துவிடும்.
விளக்கடியில் பதிவேட்டை
இரண்டு தரம் மூடி மூன்றாம் தரம் திறந்தேன்.
தேதி. நேரம். காற்றின் திசை.
மேற்கு வரப்பிலிருந்து இருபதடி.
மருந்தின் பேரை அவனிடமே கேட்டேன்,
எழுத்துக்கூட்டிச் சொன்னான்.
அடித்தவர் பேருக்கு அதில் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்,
தெரியவில்லை.

அந்த இருபதடிக்கு மட்டும்
கணக்கு மறுபடி முதலிலிருந்து.
கிட்டு அகத்தி நட்டான், நெருக்கமாக, மூன்று வரிசை,
யாரும் சொல்லாமல்.
பாதி பட்டுப்போயிற்று. திரும்ப நட்டான்.
கத்திரிக்கு இன்னமும் அடிக்கத்தான் போகிறான்,
காற்று கிழக்கிலிருந்து வருகிற காலைகளில் மட்டும்.

மீதிக் கேழ்வரகுக்குச் சாக்கில் ஒட்டும் சீட்டு வந்திருக்கிறது.
விளைந்த இடத்தின் பேர் கேட்கிறார்கள்.
சர்வே எண்தான் உண்டு, மேட்டுக்குப் பேர் கிடையாது.
பிள்ளைகள் மட்டும் புட்டிமேடு என்பார்கள்.

புட்டிமேடு என்றே எழுதினேன்.