காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக நிற்பவருக்கு

உன் பெயர் எனக்குத் தெரியாது.
சேர்க்கை அலுவலகத்துப் பெண்மணி
வாய் தவறிச் சொல்லிவிட்டார்:
"உனக்குப் பின்னால் இருப்பவர் தினமும் கூப்பிடுகிறார்,
காலை ஒன்பது அடித்ததும்."
அதிலிருந்து ஒன்பது மணியானால்
எனக்கும் எங்கோ மணியடிக்கிறது.

நான் டுலூத்தில் இருக்கிறேன்.
ஏப்ரல் முப்பது. ஏரியில் இன்னும் பனிக்கட்டி.
அப்பா மாநகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார்;
இந்த வருடம் அதைக் கழற்றி வைக்க
யாருக்கும் தைரியம் வரவில்லை.

என்னிடம் இருப்பது நீ கேட்கும் இடம்.
நான்கும் நான்கும் எட்டு வருடம்.
நுழைவுத் தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை,
மதிப்பெண் மட்டும் வழுக்காமல் இருந்தால்
கடைசியில் மருத்துவர்.
பதினேழு வயதில் நிச்சயம் செய்துவிட்டார்கள்;
மாப்பிள்ளையை நான் ஒருநாள்தான் பார்த்தேன்.
மக்காச்சோள வயல்களுக்கு நடுவே
ஜன்னல் திறக்காத கட்டடம்.
என் பெயர் தைத்த வெள்ளை அங்கியைப் போட்டு
படம் எடுத்தார்கள்.
ஒரு சுற்றுப் பெரிது.
"வளர்ந்துவிடுவாய்" என்றார்கள்.

இன்னொன்று மெய்ன் கடற்கரையில், சின்னக் கல்லூரி.
பிப்ரவரியில் ஓர் இரவு தங்கினேன்.
பதினொரு மணிக்கு ஆய்வகத்தில் நான்கு பேர்
நத்தை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
எண்ணிக்கையில் சண்டை.
என்னையும் எண்ணச் சொன்னார்கள்.
எனக்கு வேறொரு கணக்கு வந்தது.
அதற்கும் சண்டை.
நான் இரவுச் சாப்பாட்டை மறந்துபோனது
மறுநாள் பேருந்தில்தான் நினைவுக்கு வந்தது.
அவர்கள் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை.
ஒரு கம்பளித் தொப்பி தந்தார்கள்.

தவறாக நினைக்காதே,
மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
வேண்டும்தான்.
வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.
அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் உள்ள தூரத்தை
நடந்து பார்க்க வேண்டும்.

அப்பா டீசல் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.
நாற்பதாயிரம் டாலர் துண்டு விழுந்தது.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
ஒரு வார்த்தை பேசவில்லை;
பேசியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

அம்மா மருத்துவமனையில் சுவாச சிகிச்சையாளர், இரவுப் பணி.
என் வயதுக்குக் கொஞ்சம் மேலே
இரண்டு முறை தேர்வு எழுதினாள்,
இரண்டு முறையும் மெல்லிய உறை வந்தது.
இன்று விடிகாலை காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்து
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி சொன்னாள்:
"உன் இடத்தில் நான் இருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்."
பிறகு நெடுநேரம் தடவினாள்.
ரொட்டி கிழிந்தது.
"உன் இடத்தில் நான் இல்லை, லின்னியா."

அதைக் கோபமாகச் சொன்னாளா என்று
இன்னும் யோசிக்கிறேன்.

பதினொன்றே முக்கால்.
துறைமுகப் பாலம் மேலே எழும்புகிறது,
இரும்புத்தாது ஏற்றப்போகும் கப்பல்
ஒரு நீளம், இரண்டு குட்டை ஊதுகிறது.
திரையில் "இடத்தைத் துறக்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினேன்.
கணினி கேட்கிறது:
நிச்சயமாகவா?

சிரித்துவிட்டேன்.
வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை, நல்லவேளை.
என்னிடம் இல்லாத ஒரே பொருளை
அது கேட்கிறது.
ஆம் என்றேன்.

இதைக் கருணை என்று எண்ணிவிடாதே.
உனக்காகச் செய்யவில்லை;
தினமும் ஒன்பது மணிக்குக் கூப்பிடும் ஒருவர் இருப்பது
கொஞ்சம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.
என்றைக்காவது மெல்லிய உறை எனக்கு வந்தால்
உன்னை நான் வெறுக்கவும் கூடும்.
இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாளைக் காலை நீ கூப்பிட வேண்டியதில்லை.
அவர்களே கூப்பிடுவார்கள்.

அங்கியை உனக்கே தருவார்கள் என்று நினைக்கிறேன்.
என் பெயரைப் பிரித்தெடுத்த இடத்தில்
ஊசித் துளைகள்
கொஞ்ச நாள் தெரியும்.