அறிவுரை வழங்கப்பட்டது

அஞ்செட்டியிலிருந்து சிக்கனட்டிக்கு
ஒரு நாளைக்கு இரண்டு பஸ்.
முதல் பஸ்ஸில் ஏறினால் பத்தரைக்கு வந்து சேரலாம்,
வழியில் யானை நிற்காவிட்டால்.

கெம்பம்மாவுக்கு ஐந்தாம் மாதம்.
விரல் நுனியில் குத்தினேன்.
சொட்டு வர நேரமானது.
வந்ததும் வெளிறித்தான் இருந்தது.
ஏழு புள்ளி ஒன்று.

கீரை சாப்பிடும்மா, என்றேன்.
முட்டை, பேரீச்சை, வெல்லம் போட்ட கடலை,
வாரம் ஒருநாள் ஈரல்.
பதினொரு வருஷமாகச் சொல்லும் பட்டியல்,
தன்னாலே ராகம் ஏறிவிட்டது அதற்கு.
கெம்பம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.
பிறகு, வழி கேட்பவள் போல,
"எந்த ஊர்ல விக்குது சிஸ்டர்?"

இங்கே இருப்பது பைரப்பன் கடை.
வாசலில் தோரணமாய்
ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள்.
பஸ் கூரையில் எத்தனை குலுங்கினாலும்
காற்றடைத்த நெஞ்சோடு வந்து இறங்குபவை.
வாடாது, அழுகாது, கடன் கேட்காது.
"தக்காளியும் வச்சுப் பார்த்தேன்,
மூணாம் நாள் நானே தின்னேன்" என்றான்.
அவனைக் குற்றம் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ரேஷன் மலைக்குக் கீழே,
மாதத்தில் இரண்டு நாள்.
அரிசி தலையில் ஏறி வரும்.
பருப்பு, வந்தால் வரும்.

ராகி விளைந்த மேடுதான் இது.
யானைக்கும் பிடிக்கும் என்பது அதன் தலைவிதி.
மூன்று வருஷம் பரணில் விழித்துப் பார்த்துவிட்டு
செண்டுமல்லி போட்டார்கள்.
யானை தொடாது.
விடியுமுன் பறித்து மூட்டை கட்டினால்
ஓசூர் போய், அங்கிருந்து எங்கோ போய்
யாரோ ஒருவர் கழுத்தில் விழும்.
பூவுக்கு அடித்த மருந்தில்
வரப்பில் கிடந்த பண்ணைக்கீரையும் போயிற்று.
கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சள்.
படமெடுக்க வண்டி போட்டு வருகிறார்கள்.

காட்டுக்குள் கீரை இல்லையா என்று கேட்கலாம்.
நானும் கேட்டேன்.
மழை மாதத்தில் உண்டு என்றாள் தொட்டம்மா.
மற்ற மாதங்களில்
யானை உண்டு, கார்டு உண்டு.

என் தெருவில் காலை ஏழு மணிக்கு
டிவிஎஸ்ஸில் கீரைக்காரர் ஹாரன் அடிப்பார்.
சிறுகீரை, அரைக்கீரை, முருங்கை.
எத்தனை நாள்
பல் துலக்கிக்கொண்டே கையசைத்து அனுப்பியிருக்கிறேன்,
இன்றைக்கு வேண்டாம் என்று.

இன்றைக்கு நான்கு கட்டு வாங்கி
ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன்.
எஞ்சின் பக்கம்தான் உட்கார இடம் கிடைத்தது.
இறங்கும்போது
மாத்திரைப் பெட்டிக்கு அடியில்
துவண்டு கறுத்துக் கிடந்தது.
என் பதிவேட்டில் கர்ப்பிணிகள் ஒன்பது பேர்.
நான்கு கட்டை ஒன்பதாய்ப் பிரிக்க
எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித்தரவில்லை.
பிரித்தேன்.
யாருக்குக் குறைந்தது என்று
யாரும் கேட்கவில்லை.

போனில் கெம்பம்மாவைத் திறந்தேன்.
எடை நாற்பத்தொன்று: ஏற்றுக்கொண்டது.
ரத்தம் ஏழு புள்ளி ஒன்று:
கட்டம் சிவந்தது, பிறகு அதையும்
ஏற்றுக்கொண்டது.
குறிப்பு என்ற இடத்தில்
கீரை இருபத்துமூன்று கிலோமீட்டர், என்று தட்டினேன்.
பட்டியலிலிருந்து தேர்வு செய்க, என்றது.
பட்டியலில் நான்கு வரிகள்.
மூன்றாவதைத் தொட்டேன்.
எப்போதும் தொடுவது அதைத்தான்.

சிக்னல் இல்லை.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
"போயிருச்சா சிஸ்டர்?"
அஞ்செட்டி போனால்தான் போகும், என்றேன்.
"எல்லாத்துக்கும் அஞ்செட்டி போகணும்"
என்று சிரித்தாள்.
ஈறும் வெளிறித்தான் இருந்தது.

நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது.
வெறுங்கையோடு அனுப்பக்கூடாதாம்.
கீரை வந்த பையை வாங்கி
ஒரு கை செண்டுமல்லி போட்டுக் கொடுத்தாள்.