சேதாரக் கணக்கு

பனங்காட்டில் கரண்ட் போயிருந்தது.
தங்கமாயி எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள்.
பட்டறையில் நான் மட்டும்,
விடிந்தால் கொடுக்கவேண்டிய
பதினோரு ஜோடி கொலுசோடு.

காலையிலிருந்தே அது சோற்றைத் தொடவில்லை.
பாலிஷ் போடும் மூலையில் கிடந்த சாக்கைக்
காலால் பறித்துப் பறித்து
சுற்றிச் சுற்றி வந்தது.
அதற்குப் பெயர் கிடையாது.
ஓனர் மாதேஸ்வரன் ‘ஏய்’ என்பார்.
நாங்களும் ‘ஏய்’.
அதுவும் வாலாட்டிக்கொண்டு வந்துவிடும்.

முதல் இரண்டையும் அதுவே பார்த்துக்கொண்டது.
பையைக் கிழித்தது, கொடியைக் கடித்தது,
நஞ்சைத் தின்றது,
நக்கி நக்கி எழுப்பியது.
செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் சாய்த்துவைத்து
அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போனவள்போல
ஓரமாய் நின்றேன்.

மூன்றாவது வந்தபோது களைத்துப்போயிருந்தது.
தலையைத் திருப்பவே இல்லை.
ஈரப் பை. உள்ளே
எலுமிச்சை அளவுக்குத் தலை.
நகத்தால் கீறினேன்,
வெள்ளி தொட்டுத் தொட்டுக் கறுத்த நகம்.
வாயைத் துடைத்தேன்.
பொட்டலம் கட்டும் நூலை வெந்நீரில் முக்கிக்
கொடியைக் கட்டினேன்.
துண்டால் தேய்த்தேன்.
தேய்த்தேன்.
ஒன்றுமில்லை.

பதினாறு வருஷமாய் ஊதுகிறேன்.
சுடரைக் குழலால் வளைத்து,
பொடி வைத்த இடம் மட்டும் உருக,
பக்கத்து வளையம் உருகாமல்.
கூடினால் சலங்கை வழிந்துவிடும்,
குறைந்தால் ஒட்டாது.
நெஞ்சிலிருந்து ஊதக்கூடாது
கன்னத்திலிருந்து ஊதணும்.
அவ்வளவுதான் நான் படித்த படிப்பு.

அந்த மூக்கையும் வாயையும் சேர்த்து
என் உதட்டுக்குள் வைத்துக்
கன்னத்தால் ஊதினேன்.
உப்பு. இரும்பு. வேறென்னவோ.
மறுபடி.
மறுபடி.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து
ஃபேன் கடகடவென்று சுற்ற
அதன் முதல் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
கைக்குத்தான் தெரிந்தது.

நாலாவது சிரமம் கொடுக்கவில்லை.
ஐந்தாவது பச்சை நீரோடு வந்தது, அசையாமல்.
எவ்வளவு ஊதியும் அசையாமல்.
தாய் மோந்து பார்த்தது,
என்னைப் பார்த்தது,
மற்றதை நக்கப் போய்விட்டது.
நான்தான் விடியும்வரை
மடியிலிருந்து இறக்கவில்லை.
பதினோரு ஜோடியில் ஏழுதான் முடிந்தது.

நெத்திமேட்டு டாக்டரம்மா போனில் சொன்னார்:
“பசும்பால் ஊத்திடாதீங்க.
குளிர் படாம வெச்சுக்கோங்க.
தினமும் எடை போடுங்க,
ஏறலைன்னா உடனே கூட்டியாங்க.”

எடைக்கா இந்தத் தெருவில் பஞ்சம்?
வெள்ளித் தராசில் கைக்குட்டை விரித்துப்
பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
மூத்தது இருநூற்று எண்பது கிராம்.
அடுத்தது எழுபத்தொன்று குறையாமல் இருநூறு.
நாலாவதும் அப்படித்தான்.
மூன்றாவது
நூற்று நாற்பத்தாறு புள்ளி மூன்று.
ஒரு ஜோடி கல்யாணக் கொலுசுக்குக் காணாது.

கூலி நோட்டின் கடைசிப் பக்கம்.
கொடுத்தது, வந்தது, சேதாரம்,
மூன்றே கட்டம்.
ஐந்தாவதை எங்கே எழுதுவது?
சேதாரம் என்ற கட்டத்தில் எழுதி
அடித்துவிட்டேன்.
பக்கத்தில் ‘வேப்பமரத்தடி’ என்று மட்டும்.

மாதேஸ்வரன் நோட்டைப் புரட்டினார்.
“இதென்னம்மா நாலு உருப்படி, எந்தக் கடைக்கு?”
சாக்கைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் நின்றார்.
“தராசைத் துடைச்சு வை” என்றார்.
மறுநாள் அவரே துடைத்திருந்தார்.

இரண்டாம் நாள் மூன்று கிராம் இறங்கியது.
மலையிலிருந்து குளிர் இறங்கும் மாதம்.
உலையடியில் செங்கல்லைச் சுடவைத்துத்
துணியில் சுற்றி அருகில் வைத்தேன்.
மூத்ததைத் தள்ளிவிட்டுப்
பால் நிறைந்த பின்காம்பில் இதைப் பிடித்தேன்,
மணிக்கொரு தரம்,
கையில் வெள்ளிப்பொடி ஒட்டியிருக்கிறதா என்று
சேலையில் துடைத்துத் துடைத்து.
நாலாம் நாள் ஐந்து கிராம் ஏறியது.
தங்கமாயிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
“எந்த டிசைன்ல?” என்று கேட்டாள்.

பதிமூன்றாம் நாள் கண் திறந்தது.
எதையும் பார்க்காத
கலங்கிய நீலம்.

இன்று இருபத்திரண்டு.
தட்டில் வைத்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது.
முன்னங்காலை விளிம்பில் போட்டு
இறங்கப் பார்க்கிறது.
பிடித்தால் என் விரலின் எடையும் சேர்ந்துவிடும்,
விட்டால் விழுந்துவிடும்.

இன்றைய கட்டத்தில் எழுதினேன்:
நிற்கவில்லை.